படகோட்டியின் நீலம் எங்கே போனது?

கிரேக்கத்தின் கோர்ஃபு தீவு 1815 முதல் 1864 வரை பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்தது. அந்தப் பக்கம் போன பயணிகள் பலர் உள்ளூர் ஆட்களை நீர்வண்ணத்தில் வரைந்து வந்தார்கள். ஆங்கில ஓவியர் எட்வர்ட் லியர் அங்கே வருஷக்கணக்கில் தங்கியே வரைந்தார். பழைய படங்களைப் பராமரிக்கும் என் மேசைக்கு வந்த படகோட்டியின் படமும் அந்த வகைதான், கையெழுத்து கிடையாது. சிவப்புத் தொப்பி, இடுப்புக் கச்சை, ‘வ்ராகா’ என்ற தொளதொளக் கால்சட்டை, பின்னால் கடல். முழங்காலோடு படம் முடிகிறது.

“கடல் ஏன் இப்படி வெளிறிக் கிடக்கு? லேசாக் கழுவினா நிறம் வந்துடுமா?” என்று உரிமையாளர் கேட்டார். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் முப்பது வருஷம் மாட்டியிருந்தாராம்.

படத்தைச் சுற்றி ஓரத்தை மூடியிருந்த பழைய மவுண்ட் அட்டையை எடுத்தேன். அது மறைத்திருந்த ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் அகலத்துக்கு அடர்நீலக் கடல். கீழ் ஓரத்தில் கால்சட்டையும் அதே நீலம். வெளிச்சம் பட்ட இடமெல்லாம் சாம்பல். போனது அவுரி நீலம். மேகத்துக்கு அவுரியோடு காவியைக் கலந்திருக்கிறார்கள். அவுரி போய்க் காவி மட்டும் நின்றதால் மேகம் ரோஜா நிறமாகிவிட்டது. அதைச் சூரிய அஸ்தமனம் என்று நினைத்துத்தான் இத்தனை நாள் ரசித்திருக்கிறார்கள்! கச்சையில் இருந்தது பூச்சியிலிருந்து எடுக்கும் கார்மைன், அதுவும் வெளிறிவிட்டது. தொப்பியில் இருந்தது சாதிலிங்கம் என்ற பாதரசச் சிவப்பு, அசையவில்லை.

இது புதுக் கண்டுபிடிப்பல்ல. ரஸ்ஸல், ஆப்னி என்ற இரண்டு ஆங்கிலேய விஞ்ஞானிகள் 1888இலேயே நீர்வண்ணங்களை வெயிலில் வைத்துச் சோதித்து, எது நிற்கும், எது போகும் என்று அறிக்கை கொடுத்துவிட்டார்கள். அழுக்கைக் கழுவலாம், வெளிறியதை மீட்க முடியாது. தண்ணீர் பட்டால் இருக்கிற வண்ணமும் கரையும்.

அருங்காட்சியகங்களில் இத்தகைய படத்துக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம்தான் கணக்கு. வெளிச்சம் பட்டது பட்டதுதான், சேர்ந்துகொண்டே போகும்: 500 லக்ஸில் ஒரு மணி நேரமும் 50 லக்ஸில் பத்து மணி நேரமும் ஒன்று. புறஊதாவைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் போதும் என்று சட்டம் போடும் கடைக்காரர் சொல்வார். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் வெளுக்கவைக்கும். ஜன்னல் வெளிச்சம் விழாத சுவர், சில மாதம் மாட்டிவிட்டுப் பிறகு இருட்டில் எடுத்துவைப்பது, அமிலமில்லாத பருத்தி மவுண்ட்: இவைதான் வழி. கண்ணாடியைத் துடைக்கும்போது திரவத்தைத் துணியில் தெளியுங்கள், கண்ணாடிமேல் வேண்டாம். விளிம்பு வழியாக உள்ளே இறங்கிவிடும். லேமினேஷன் பற்றிப் பேசவே வேண்டாம்.

புது மவுண்டைப் பழைய அளவுக்கே வெட்டினேன். மூடுமுன் உரிமையாளர் அந்த மூன்று மில்லிமீட்டரை மட்டும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டார், ஃப்ளாஷ் இல்லாமல்.