சாட்சி சொல்ல ஒன்றுமில்லை என்கிறவர்கள்

டிசம்பர் 31 இரவு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டையைப் பர்சில் மடித்து வைத்துக்கொண்டு ஆலோசனைக்கு வருகிறவர்கள் உண்டு. ‘கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’ என்று அதில் அச்சிட்டிருக்கும். ஆண்டு பாதி கடந்தும் வேலை கிடைத்திருக்காது, வரன் அமைந்திருக்காது, மகன் நீட் தேர்வில் இரண்டாம் முறையும் தவறியிருப்பான். அப்போது அவர்கள் கேட்கும் கேள்வி, “சார், என் விசுவாசத்தில் என்ன குறை?” என்பதுதான். தென் மாவட்டத் திருச்சபைக் குடும்பங்களிடையே மனநல ஆலோசகராகப் பணிசெய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: இந்தக் கேள்வியோடு வருகிறவர்களில் பலர், பிறர் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தக்க உண்மையோடு அன்றாடக் கடமைகளைச் செய்துவருகிறவர்கள். அந்த உண்மைக்கு நம் சபைகளில் மதிப்பெண் இல்லை என்பதே சிக்கல்.

கர்த்தர் தமக்குச் செய்ததைச் சபைமுன் எழுந்து சொல்லும் நம் சாட்சி நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். கனடா விசா வந்தது, புது வீட்டுக்குப் பால் காய்ச்சினோம், மகளுக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தது என்பவைதாம் மேடையேறுகின்றன. நன்றி சொல்வதில் தவறில்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இவற்றை மட்டுமே கேட்டு வளர்கிற பிள்ளை, கிடைத்தவன் ஆசீர்வதிக்கப்பட்டவன், கிடைக்காதவனிடம் ஏதோ பாவம் இருக்கிறது என்ற கணக்கை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொள்கிறது. அந்தக் கணக்குக்கு ஈடுகொடுக்க நகையை அடகு வைத்துக் காணிக்கை போட்டவர்களையும், கடன் வாங்கிக் கல்யாணத்தை ஆடம்பரமாக நடத்திவிட்டு வட்டி கட்ட முடியாமல் தூக்கத்தைத் தொலைத்தவர்களையும் பார்த்திருக்கிறேன்.

ஒரு பெண்மணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவருக்குப் பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. படுக்கைப்புண் வராமலிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைத் திருப்பிப் படுக்க வைக்க வேண்டும் என்பதால் இரவிலும் கைப்பேசியில் அலாரம் வைத்து எழுந்துகொள்கிறார். மூக்குவழிக் குழாயில் கஞ்சி ஊற்றுவதற்கு முன்பு தலைமாட்டை உயர்த்துவது, ஊற்றிய பின் குழாயில் தண்ணீர் விட்டுச் சுத்தம் செய்வது, உடனே படுக்க வைக்காமல் சற்று நேரம் சாய்த்தே வைத்திருப்பது என எதையும் விடுவதில்லை. கணவர் முதுகில் இன்றுவரை ஒரு புண் இல்லை. செவிலியர்களே வியக்கும் காரியம் அது. அந்தப் பெண்மணி என்னிடம் சொன்னது: “ஐயர் (சபைப் போதகர்) எல்லாரையும் சாட்சி சொல்லக் கூப்பிடுறாங்க சார். எனக்குச் சொல்ல ஒண்ணுமே இல்ல. ஜெபம் பண்ணியும் அவுக எழும்பலையே.” அவரை வாட்டிய மனச்சோர்வில் உடல் அலுப்பு ஒரு பங்கு என்றால், கர்த்தர் தன்னைக் கைவிட்டுவிட்டார் என்ற எண்ணம் இன்னொரு பங்கு. அந்த எண்ணத்தை அவருக்குள் விதைத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். வாராவாரம் “விசுவாசித்தால் நடக்கும்” என்று ஆறுதல் சொல்லிப்போன நல்லவர்கள்தாம்.

வேதம் இப்படிக் கணக்கிடுவதில்லை. மத்தேயு 25-இல் எஜமானிடம் ஐந்து தாலந்து பணம் பெற்றவன் இன்னும் ஐந்தையும், இரண்டு பெற்றவன் இன்னும் இரண்டையும் சம்பாதித்துக்கொண்டு வருகிறார்கள். தொகை வேறானாலும் ‘நல்லது, உத்தமமும் உண்மையுமுள்ள ஊழியக்காரனே’ என்ற பாராட்டு இருவருக்கும் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே கிடைக்கிறது. நல்ல எதிர்காலத்தை வாக்களிப்பதாக அட்டைகளில் அதிகம் அச்சாகும் எரேமியா 29:11, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் வருவது. அதற்கு முந்தைய வசனம் எழுபது வருஷம் ஆகும் என்கிறது. அதே கடிதம் அதுவரை வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் நாட்டுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள் என்கிறது. முந்தைய வசனத்தையும் சேர்த்து அச்சிட்டால் அட்டை விலை போகாது போலும்!

மிஷனெரி வரலாற்றையும் நாம் வெற்றிக் கதையாகவே சுருக்கிவிட்டோம். இங்கிலாந்து மிஷனெரி வில்லியம் கேரி 1793-இல் வங்காளத்துக்கு வந்தார். அவரிடம் ஞானஸ்நானம் பெற்ற முதல் வங்காளியான கிருஷ்ண பால் அதைப் பெற்றது 1800 டிசம்பரில். இடைப்பட்ட ஏழு ஆண்டுகளில் அவர் அவுரித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். 1794-இல் சிறு மகன் பீட்டரை இழந்தார். மனைவி டாரத்தியின் மனநிலை பாதிக்கப்பட்டு 1807-இல் அவர் இறக்கும்வரை தேறவேயில்லை. 1812-இல் வங்காளத்தின் செராம்பூரில் இருந்த அவர்களது மிஷன் அச்சகம் எரிந்து பல ஆண்டு மொழிபெயர்ப்பு உழைப்பு சாம்பலானபோது மறுபடி முதலிலிருந்து எழுதத் தொடங்கினார். தன்னைப் பற்றி யாராவது எழுதினால் விடாமல் உழைக்கத் தெரிந்தவன் என்று மட்டும் எழுதினால் போதும் என்று தம் சகோதரன் மகனிடம் சொன்னவர் அவர். பிரசங்கங்களில் அவருடைய வேத மொழிபெயர்ப்புகளின் எண்ணிக்கை வருகிறது, டாரத்தி வருவதில்லை. மனநோயாளி இருக்கும் வீட்டார் ஆராதனையில் கேட்க ஏங்குவது டாரத்தியின் பகுதியைத்தான் என்பது என் அனுபவம்.

சபைப் பொறுப்பில் இருக்கிறவர்கள் சாட்சி நேரத்துக்கு ஆளை அழைக்கும் விதத்தை மாற்றிப் பார்க்கலாம். “கர்த்தர் என்ன கொடுத்தார்?” என்பதோடு, “கிடைக்காத நாட்களில் எதைச் செய்துகொண்டிருந்தீர்கள்?” என்றும் கேளுங்கள். லஞ்சம் வாங்காததால் பதவி உயர்வு தள்ளிப்போன கிராம நிர்வாக அலுவலரும், கடன் தவணையைத் தவறாமல் கட்டிவரும் தையல் தொழிலாளியும் அப்போது பேசக் கிடைப்பார்கள். நோயாளியைப் பராமரிக்கிற வீடுகளுக்கு ஜெபக்குழுவாகப் போவதோடு, ஞாயிறு காலை இரண்டு பேர் அங்கே உட்கார்ந்துகொண்டு பராமரிப்பவரை ஆராதனைக்கு அனுப்பிவைத்தால் அது பெரிய உதவி. தேர்வில் தவறிய பிள்ளையிடம் ‘கர்த்தர் இதைவிடப் பெரியதை வைத்திருக்கிறார்’ என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அந்தப் பெரியதும் வராவிட்டால் பிள்ளை யாரிடம் போய்க் கேட்கும்?

மருத்துவம் சார்ந்த ஒன்றும் உண்டு. இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, எதிலும் நாட்டமின்மை, ‘தேவன் என்னைத் தள்ளிவிட்டார்’ என்ற இடைவிடாத எண்ணம் ஆகியவை இருந்தால் அதை விசுவாசக் குறைவு என்று எண்ணாமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுக்கிறவர்கள் எந்தக் கூட்டத்தில் யார் சொன்னாலும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. சாக வேண்டும் என்ற நினைப்பு வந்தால் அடுத்த ஞாயிறுவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள், அல்லது 14416 என்ற அரசின் டெலி மனஸ் இலவச எண்ணை அழையுங்கள், தமிழிலும் பேசலாம்.