கோடு ஏறினால் படிவத்தைப் பாருங்கள்

வருமான ஏற்றத்தாழ்வு பற்றிய வரைபடம் எது வந்தாலும் நான் முதலில் அடிக்குறிப்பைத்தான் தேடுவேன். சூடுபட்டு வந்த பழக்கம் இது.

அமெரிக்கக் குடும்ப வருமானக் கணக்கெடுப்பில் ஏற்றத்தாழ்வை அளக்கும் கினி குறியீடு 1992-ல் 0.433. அடுத்த ஆண்டே 0.454. (0 என்றால் எல்லோருக்கும் சமம், 1 என்றால் எல்லாமே ஒருவருக்கு.) ஒரே வருடத்தில் இவ்வளவா என்று பொருளாதாரத்தைக் குடைந்து, காரணம் கண்டுபிடித்து ஒரு பத்தியே எழுதிவிட்டேன். அப்புறம்தான் அடிக்குறிப்பு கண்ணில் பட்டது. 1993-ம் ஆண்டு வருமானத்தைக் கேட்டபோது காகிதப் படிவம் போய்க் கணினி வந்திருக்கிறது. கூடவே, சம்பளத்துக்கான கட்டத்தில் பதியக்கூடிய உச்சத்தொகை 2,99,999 டாலரிலிருந்து 9,99,999 டாலராகியிருக்கிறது. அதுவரை எட்டு லட்சம் டாலர் சம்பாதித்தவரும் மூன்று லட்சக்காரராகத்தான் கணக்கில் இருந்தார். அந்த ஏற்றத்தில் எவ்வளவு நிஜம், எவ்வளவு படிவத்தின் வேலை என்று துல்லியமாகப் பிரிக்க வழியில்லை. பத்தியை அழித்தேன்.

சரி, வரித் தரவுக்குப் போகலாம் என்றால் அங்கே வேறு வம்பு. 1986 வரிச் சீர்திருத்தம் தனிநபர் வரியின் உச்ச விகிதத்தை 50 சதவீதத்திலிருந்து 28-க்கு இறக்கியது. நிறுவன வரி 46-லிருந்து 34-க்குத்தான் இறங்கியது. லாபத்தை நிறுவனக் கணக்கில் வைப்பதைவிட உரிமையாளரின் சொந்த வரிப் படிவத்தில் காட்டுவது லாபகரமாயிற்று. லாபம் நேரே தங்கள் வருமானமாகக் கணக்காகும்படி பலர் நிறுவனத்தின் வடிவத்தையே மாற்றிக்கொண்டார்கள். முன்பும் அவர்கள் சம்பாதித்த பணம்தான். வரிப் படிவத்தில் மட்டும் புதிதாக முளைத்தது. மொத்த வருமானத்தில் உச்சி 1 சதவீதத்தினரின் பங்கு சட்டென்று எகிறியதில் இதற்கும் பங்குண்டு.

இதையெல்லாம் சரிக்கட்டிய பிறகும் சண்டை ஓயவில்லை. பொருளாதார அறிஞர்கள் பிக்கெட்டி, சாயேஸ், சுக்மன் மூவரும் 1960-களுக்குப் பிறகு உச்சி 1 சதவீதத்தின் பங்கு நன்றாக உயர்ந்ததாகச் சொல்கிறார்கள். இன்னொரு பக்கம் ஆட்டன், ஸ்பிளிண்டர் என்ற பொருளாதார அறிஞர்கள், வரி போக மிஞ்சுவதில் அந்தப் பங்கு பெரிதாக மாறவில்லை என்கிறார்கள். இரு தரப்புக்கும் அடிப்படை வரித் தரவுதான். வரித்துறைக்குக் காட்டாத வருமானத்தை யார் தலையில் எழுதுவது என்பதில்தான் முக்கியமான பிளவு. ஏற்கெனவே காட்டிய வருமானத்தின் விகிதப்படி பங்கிட்டால் மேல்தட்டுக்கு அதிகம் போகும். தணிக்கையில் பிடிபட்டதை வைத்துப் பங்கிட்டால் கீழேயும் பரவும்.

எதை அறிக்கையில் போடுவது என்று கேட்பவர்களுக்கு இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து கொடுக்கிறேன். அடிக்குறிப்பைப் பெரிய எழுத்தில் போட்டு.