டெம்போ: தமிழில் எப்படிச் சொல்வது?

டெம்போ என்றதும் நம் ஊரில் சரக்கு வண்டிதான் நினைவுக்கு வரும். ஜெர்மனியின் விடால் நிறுவனம் தன் மூன்று சக்கர வண்டிகளுக்கு வைத்த பெயர் அது. பஜாஜ் டெம்போ வழியாக நம் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ஜெர்மன் மொழியில் டெம்போ என்றால் வேகம். அந்த மொழிக்கோ இச்சொல் இத்தாலிய இசையிலிருந்து போனது.

இத்தாலிய மொழியில் அதன் நேர்ப்பொருள் 'காலம்'. லத்தீனின் 'டெம்பஸ்' அதற்கு மூலம். இசையில் அது பாட்டு ஓடும் வேகத்தைக் குறிக்கிறது. பேண்ட் மாணவரின் இசைத்தாளில் முதல் வரிக்கு மேலே இடப்பக்கம் இது எழுதப்பட்டிருக்கும். 'அலெக்ரோ' என்றால் விரைவு. சொல்லின் பொருளோ மகிழ்ச்சி. 'அண்டாண்டே' என்பது நடப்பது போன்ற வேகம், நடத்தல் என்ற வினையிலிருந்தே பிறந்தது. 1815இல் மேல்ட்செல் என்பவர், சீராகத் தட்டி வேகம் காட்டும் கருவியான மெட்ரோனோமுக்குக் காப்புரிமை பெற்ற பிறகு எண்ணாலும் குறிக்கும் வழக்கம் பரவியது. ஒரு தட்டைக் குறிக்கும் குவார்ட்டர் நோட் என்ற சுரக் குறிக்குப் பக்கத்தில் 120 என்றிருந்தால் நிமிடத்துக்கு 120 தட்டுகள், அதாவது நொடிக்கு இரண்டு. அணிவகுப்பில் கால்கள் விழும் வேகம் பெரும்பாலும் இதுதான்.

தமிழில் இதை 'காலம்' என்றோ 'நடை' என்றோ பெயர்ப்பவர்கள் உண்டு. இரண்டும் மாணவரைக் குழப்பும். கர்நாடக இசையில் இரண்டாம் காலம் பாடும்போது தாளம் போடும் கையின் வேகம் மாறுவதில்லை. ஒரு தட்டுக்குள் வரும் சுரங்கள்தான் இரட்டிக்கின்றன. திசுர நடை என்றால் ஒரு தட்டை மூன்றாகப் பகுப்பது. ஆகவே இவை டெம்போ அல்ல. பொருளில் சரியாகப் பொருந்துவது வித்துவான்கள் சொல்லும் 'காலப்பிரமாணம்'. அது வடசொல், பள்ளிப் பிள்ளைகளின் வாய்க்குச் சற்று நீளம்.

நம்மிடமே பழைய சொல் ஒன்று இருக்கிறது: இயக்கம். சிலப்பதிகார உரை முதல்நடை, வாரம், கூடை, திரள் என இயக்கத்தை நான்காகப் பிரிக்கிறது. முதல்நடை மிக மெதுவான ஓட்டம், திரள் மிக விரைவானது, மற்ற இரண்டும் இடைப்பட்டவை. அங்கே 'நடை'யும் வேகத்தையே குறித்தது. இன்று மேடையில் அச்சொல்லுக்கு வேறு வேலை வந்துவிட்டதால் இயக்கத்தையே நான் பரிந்துரைப்பேன். அரசியல் இயக்கம் நினைவுக்கு வருமே என்றால், 'இசை இயக்கம்' என்று சேர்த்துச் சொல்லலாம். ஒத்திகையில் "இயக்கம் 120" என்று ஆசிரியர் சொல்லட்டும். பக்கத்தில் டெம்போ என்ற சொல்லும் இருக்கட்டும், இசைத்தாளில் அச்சாகியிருப்பது அதுதானே.