பாதிப் பாலத்துக்குப் பெயிண்ட்

போன மாதம் ஆய்வுக்குப் போன பாலத்தில், கைப்பிடிச் சுவர் சரியாக நடு ஆறு வரைக்கும் கறுப்பு வெள்ளையில் பளபளவென்று இருந்தது, அதற்கு அப்பால் பழைய பாசி. ஆறுதான் இரண்டு மாவட்டத்துக்கும் எல்லை. அந்தப் பக்கத்துக்கு ஃபண்டு இன்னும் வரவில்லையாம். கீழே இறங்கிப் பார்த்தால் நடுத்தூணின் கிணறு ஆள் உயரத்துக்கு வெளியே தெரிகிறது. (தண்ணீர்க் கிணறு இல்லை, மணலுக்குள் இறக்கியிருக்கும் அடித்தளத்தை அப்படித்தான் சொல்வோம்.) இந்தத் தூண் யார் கணக்கு என்று கேட்டேன். கூட வந்த இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள்.

இந்த வருடம் நான் இப்படிப் பார்க்கும் மூன்றாவது பாலம் இது.

ஊருக்குள் கேட்டால், "வெள்ளைக்காரன் கட்டினது சார், இடியே விழுந்தாலும் அசையாது." ஐயா, கொள்ளிடத்தில் 1928-இல் கட்டிய இரும்புப் பாலமும் அவன் காலத்ததுதான், 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் தூண்கள் சரிந்தன. மகாராஷ்டிரத்தில் சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த கல் பாலமும் அவன் காலத்ததே, 2016-இல் ஒரு ராத்திரி வெள்ளத்தில் இரண்டு அரசு பஸ்களோடு போனது. அவன் நன்றாகத்தான் கட்டினான், ஆனால் அன்றைய வண்டிக்கும் அன்றைய ஆற்றுக்கும் கணக்குப் போட்டுக் கட்டினான். மணலை அள்ளி ஆற்றைப் பள்ளமாக்கியது நாம். இன்னொன்று, அவன் கட்டியதில் விழுந்துபோனவை உங்கள் கண்ணில் படாது, அந்த இடத்தில் புதுப் பாலம் நிற்கும். நின்றதை மட்டும் எண்ணிவிட்டு அசையாது என்கிறீர்கள்.

சரி, புதுசு என்றால் பயமில்லையா? குஜராத்தில் வதோதரா, ஆனந்த் மாவட்டங்களை இணைத்த கம்பீரா பாலத்துக்கு வயது 40. 2025 ஜூலை 9 காலையில் ஒரு கண் (இரண்டு தூணுக்கு நடுவே உள்ள பகுதி) இடிந்து, வண்டிகள் மாஹி ஆற்றில் விழுந்து, 20 பேருக்குக் குறையாமல் செத்தார்கள்.

புதுப் பாலத்துக்கு எப்படியாவது பணம் வந்துவிடும், கல்வெட்டு வைக்கலாமே. பேரிங் (தூணுக்கும் மேல்தளத்துக்கும் நடுவே இருக்கும் தாங்கி) மாற்றியதற்கு எவர் கல்வெட்டு வைப்பார்? அதுவும் எல்லைப் பாலம் என்றால் புதுசுக்கே இழுபறிதான். அமெரிக்காவில் ஒஹையோவுக்கும் கென்டக்கிக்கும் நடுவே 1963-இல் திறந்த பிரெண்ட் ஸ்பென்ஸ் பாலம், நாளைக்கு 80,000 வண்டிக்குக் கட்டியது, இன்று அதைப் போல இரண்டு பங்கு ஓடுகிறது. புதுப் பாலம் கட்டும் செலவுக்குச் சுங்கம் போடலாமா கூடாதா என்றே வருடக்கணக்கில் இழுத்தார்கள். இரண்டு மாநிலமும் சேர்ந்து ஒரே விண்ணப்பமாகக் கொடுத்தபிறகு 2022 கடைசியில் மத்திய அரசு 160 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பணக்கார நாட்டுக்கே அந்தக் கதி.

உங்கள் பக்கம் செய்ய வேண்டியது. லாரி நுழையாமல் இருக்க நாங்கள் நட்ட இரும்புத் தடுப்பை ராத்திரியோடு ராத்திரியாக அறுக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். ஜாயிண்டில், அதாவது தளத்தின் இரண்டு துண்டு சேரும் இடத்தில், வண்டி ஏறும்போது சத்தம் திடீரென்று கூடினாலோ, தூரத்திலிருந்து பார்க்கையில் கைப்பிடிச் சுவர் ஒரு இடத்தில் தொய்ந்து தெரிந்தாலோ போட்டோ எடுங்கள். செல்ஃபி வேண்டாம், தூண் வேண்டும். கோடையில் தண்ணீர் வற்றியதும் எடுத்தால் அடித்தளம் தெரியும். அப்புறம் இரு கரை ஊராட்சிகளும் ஒரே வாசகத்தில் கிராம சபைத் தீர்மானம் போட்டு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் இரண்டு கலெக்டர் ஆபீசிலும் கொடுங்கள். ஒன்றில் கிடைத்த ரசீதின் நகலை மற்றதில் இணையுங்கள். "அது அவங்க பக்கம்" என்று எழுதி ஃபைலை மூடப் பார்ப்பவரிடம் எடுத்துக் காட்ட எனக்கு அந்த இரண்டு ரசீது நம்பரும் வேண்டும்.