ஹீட் முடிந்த பிறகு வரும் இரண்டு மாதங்கள்

பங்குனி முதல் வாரம். எட்டு வயது பொமரேனியனை மடியில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். "பத்து நாளா ஓயாம தண்ணி குடிக்குது டாக்டர். வெயில் ஏறிடுச்சு, அதனாலதான்னு விட்டுட்டேன். நேத்துலேருந்து சோத்தைத் தொடலை." கடைசி ஹீட், அதாவது இணை சேரும் பருவம், எப்போது முடிந்தது என்று கேட்டேன். "தீட்டு நின்னு அஞ்சு வாரம் இருக்கும். அதுக்கும் இதுக்கும் என்ன டாக்டர்?"

ஸ்கேனில் பார்த்தால் கருப்பை முழுக்கச் சீழ். அன்று மாலையே அறுவை செய்து எடுத்தோம். நாயின் கருப்பை இரண்டு குழல்களாகப் பிரிந்திருக்கும், அவற்றைக் கொம்பு என்போம். அந்த அளவு நாய்க்குக் கொம்பு பென்சில் கனம்கூட இருக்காது. தட்டில் கிடந்ததோ, புடலங்காய் போலப் பருத்துச் சுருண்டு கிடந்தது. எடை 900 கிராம். நாயின் எடையே 8 கிலோதான்.

அந்த அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். ஹார்மோன் ரத்தத்தில் கலந்து உடம்பெங்கும் போகிறது. ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாலும் காது உள்ளவனுக்குத்தானே கேட்கும்? உறுப்புகளுக்கு அந்தக் காதுதான் ஏற்பி, அதாவது ரிசெப்டர். ஹார்மோன் ஏற்பியில் போய் ஒட்டினால்தான் அந்தச் செல் வேலையைத் தொடங்கும். பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜனுக்கும் புரொஜெஸ்டிரோனுக்குமான ஏற்பிகள் கருப்பையில் உண்டு, பால்மடியில் உண்டு. ஈஸ்ட்ரோஜனுக்கானவை சிறுநீர்ப் பாதையில்கூட உண்டு.

ஹீட்டின்போது சுரக்கும் ஈஸ்ட்ரோஜன், கருப்பையில் புரொஜெஸ்டிரோன் ஏற்பிகளைப் பெருக்கிவிட்டுப் போகிறது. பிறகு வரும் புரொஜெஸ்டிரோன் சொல்வதையெல்லாம் கருப்பை அப்படியே கேட்கிறது. சுரப்பிகள் சத்து நீரைச் சுரக்கின்றன, கருப்பைத் தசை அசையாமல் அடங்குகிறது, கருப்பை வாய் மூடிக்கொள்கிறது, அங்கே நோய் எதிர்ப்பும் தணிகிறது. குட்டிக்காகச் செய்யும் ஏற்பாடுதான் இத்தனையும். ஹீட்டின்போது உள்ளே ஏறிவிட்ட ஈ.கோலை கிருமிக்கும் அதுவே வசதியாகிவிடுகிறது.

மாடு சினை பிடிக்கவில்லை என்றால், 16, 17ஆம் நாள் வாக்கில் கருப்பையே புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரந்து, சினைப்பையில் புரொஜெஸ்டிரோனைச் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் என்ற திசுவைக் கரைத்துவிடும். புரொஜெஸ்டிரோன் இறங்கி, 21ஆம் நாள் மறுபடி பருவத்துக்கு வரும். நாய்க்கு அந்த வழி இல்லை. இணை சேர்ந்தாலும் சேராவிட்டாலும் ஏறக்குறைய இரண்டு மாதம் புரொஜெஸ்டிரோன் ஓடிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இதே கதை. அதனால்தான் வயதான, குட்டி போடாத நாய்களில் இந்தச் சீழ் அதிகம். கருத்தடை அறுவையைப் பரவலாகச் செய்யாத ஸ்வீடனில், பத்து வயதுக்குள் பெட்டை நாய்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றுக்கு இது வந்துவிடுவதைக் காப்பீட்டுப் பதிவுகள் காட்டின.

தண்ணீர் தாகத்துக்கும் காரணம் அதே கிருமிதான். அதன் நச்சு, நீரை மிச்சம் பிடிக்கச் சொல்லும் ஹார்மோனுக்குச் சிறுநீரகம் செவிசாய்க்காதபடி செய்துவிடுகிறது. சிறுநீர் நிறையப் போகிறது, நாய் குடித்துத் தீர்க்கிறது. கருப்பை வாய் மூடியிருந்தால் வெளியே ஒரு சொட்டுச் சீழ் தெரியாது, தாகம்தான் முக்கியமான துப்பு. சந்தேகம் வந்தால் பாட்டிலால் அளந்து ஊற்றுங்கள். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் போனால் உடனே கொண்டுவாருங்கள். எட்டு கிலோ நாய்க்கு அது 800 மில்லி.

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது 'ஹீட் வராம இருக்க' என்று போடும் ஊசியின் மேல்தான். அதில் இருப்பது மாதக்கணக்கில் உடம்பில் தங்கும் செயற்கைப் புரொஜெஸ்டிரோன். அதே ஏற்பிகளில்தான் போய் ஒட்டும். இரண்டு மாதத்தில் ஓய வேண்டியது ஓயாமல் நீள்கிறது. பூனைக்குப் போட்டால் வேறொரு விபரீதமும் வரலாம். போன வருடம் ஒரு வயதுகூட ஆகாத பூனையைக் கூடையில் கொண்டுவந்தார்கள். முலைகள் எட்டும் எலுமிச்சம்பழம் அளவு வீங்கி, தோல் பளபளத்து, நடக்க முடியாமல் காலை அகட்டி நின்றது. அது புற்றுநோய் இல்லை, ஊசி மருந்துக்குப் பால்மடி ஏற்பிகள் காட்டிய பதில். புரொஜெஸ்டிரோன் ஏற்பியை அடைத்துக்கொள்ளும் அக்லெப்ரிஸ்டோன் என்ற மருந்து இதற்கு நன்றாகக் கேட்கும்.

நாயின் பால்மடிக் கட்டிகளிலும் இந்த ஏற்பிகளுக்குப் பங்கு உண்டு. முதல் ஹீட்டுக்கு முன்பே கருத்தடை செய்தால் அந்த ஆபத்து மிகவும் குறையும் என்று 1969இல் வெளியான அமெரிக்க ஆய்வு சொன்னது. அதன் ஆதாரம் போதாது என்று பிற்பாடு வந்த விமர்சனமும் உண்டு. ஆனால் கருப்பைச் சீழைப் பொறுத்தவரை எனக்குத் தயக்கமே இல்லை. கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் அந்தப் பயம் அநேகமாகத் தீர்ந்தது.

அறுவைக்கும் ஒரு விலை உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஈஸ்ட்ரோஜன் நின்றுவிடுவதால் சில நாய்களுக்கு, முக்கியமாகப் பெரிய இனங்களுக்கு, தூக்கத்தில் சிறுநீர் கசியும். பெரும்பாலும் மருந்தில் கட்டுப்படும். எதிர்காலத்தில் படுக்கை நனைந்தால் நாயைத் திட்டாதீர்கள், எங்களிடம் வாருங்கள்.

பத்தாம் நாள் தையல் பிரிக்க வந்தபோது பொமரேனியன் மேசைமேல் என் கையை நக்கிக்கொண்டிருந்தது. "வீட்ல இதோட தங்கச்சி ஒண்ணு இருக்கு டாக்டர், அதுக்கும் பண்ணிடலாமா?" என்றார் அந்த அம்மா. அதற்கு எப்போது தீட்டு பட்டது என்று கேட்டேன். "பொங்கலன்னிக்கு. கோலத்துல ரத்தம் சொட்டிச்சு, அதனால ஞாபகம் இருக்கு." விரல் விட்டு எண்ணினேன். புரொஜெஸ்டிரோன் முழுக்க இறங்கி, கருப்பை ஓய்ந்த பிறகு செய்வதுதான் நல்லது.

"சித்திரை கடைசியில கூட்டிட்டு வாங்கம்மா. அதுவரைக்கும் தண்ணியை அளந்து வைங்க."