அழுத்தினாலும் விழிக்காத கேம் கருவி

கடந்த ஆண்டு நல்லூர்த் திருவிழாவுக்கு ரொறன்ரோவிலிருந்து வந்த உறவினர் ஒருவர் என் அக்காவின் மகனுக்குக் கையடக்க கேம் கருவி ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு மாதம் கூட ஆகவில்லை, பரீட்சையைக் காரணம் காட்டி அக்கா அதைப் பறித்து அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டார். ஏழு மாதங்கள் கழித்துப் பரீட்சை முடிந்த அன்று மாலையே அதைத் தூக்கிக்கொண்டு அவன் என் வீட்டுப் படலையைத் திறந்தான். "மாமா, இது செத்துப்போச்சு. சார்ஜில போட்டாலும் ஒண்டும் காட்டுதில்லை" என்றான்.

பொத்தானை அழுத்திப் பார்த்தேன். திரை கறுப்பாகவே இருந்தது. இப்படியான வேளையில் பொத்தான் பழுது என்றோ பற்றரி பழுது என்றோ உடனே முடிவு கட்டுவது நம் வழக்கம். அதற்கு முன், அந்தப் பொத்தான் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதை அறிந்துகொள்வது நல்லது.

1989 இல் வெளிவந்த கேம் போய் கருவியில் நான்கு பென்ரோச் பற்றரிகள் போட வேண்டும். அதன் மேல்விளிம்பில் இருந்த சுவிச்சைத் தள்ளினால் இரு உலோகத் துண்டுகள் ஒன்றையொன்று தொடும், மின்சுற்று மூடப்படும், கருவி இயங்கும். பழைய ரேடியோக்களில் திருகும்போது 'டக்' என்று கேட்டதும் இதே செயல்தான். இன்றைய கருவிகளில் உள்ள பொத்தானோ பற்றரிக்கும் ஏனைய பாகங்களுக்கும் இடையே நிற்பதில்லை. அதன் அடியில் பொட்டளவான உலோகக் குமிழ் ஒன்று இருக்கிறது, அழுத்தும்போது அது வளைந்து ஒரு மெல்லிய இணைப்பைத் தொடுகிறது, அதனால், மின்வலுவை முகாமை செய்யும் சிப்புக்கு "எழும்பலாமா?" என்ற வேண்டுகோள் ஒன்று போய்ச் சேர்கிறது, அவ்வளவே. அந்தச் சிப் பற்றரியின் வோல்ற்றளவையும் வெப்பநிலையையும் பார்த்து, எல்லாம் சரியென்று கண்டால் மட்டும், 3.3 வோல்ற்று, 1.8 வோல்ற்று, அதிலும் குறைவானவை என வெவ்வேறு மின்வழிகளை ஒரு குறித்த ஒழுங்கில் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்துவிடும். அதன் பின்னரே கருவியின் மூளையான செயலி விழித்து, நினைவகத்திலிருந்து முதற்கட்டளைகளை வாசித்து, கடைசியாகத் திரைக்கு ஒளி கொடுக்கும். ஆகவே "ஒன்றும் காட்டவில்லை" என்ற ஒரே தோற்றத்துக்குப் பின்னால் இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணியும் அறுந்திருக்கலாம். எதுவுமே அறாமல், சிப் வேண்டுமென்றே அனுமதி மறுத்துக்கொண்டும் இருக்கலாம். என் அனுபவத்தில் இந்த இரண்டாவது வகையே அதிகம்.

முதலில் கருவியை மேசையில் மல்லாக்க வைத்து, அது ஆடுகிறதா என்று பார்த்தேன். பின்மூடி புடைத்திருந்தாலோ, திரையின் ஓரம் சட்டத்தை விட்டுச் சற்று மேலெழுந்திருந்தாலோ, உள்ளே இருக்கும் இலித்தியம் அயன் பற்றரியில் வாயு சேர்ந்து அது வீங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். அந்த நிலையில் செய்யக்கூடாத காரியங்கள் இரண்டு: சார்ஜ் ஏற்றுவது, கூர்மையான எதையும் கொண்டு நெம்புவது. நல்லவேளையாக இது ஆடாமல் தட்டையாகக் கிடந்தது.

அடுத்து, கருவி உண்மையிலேயே உறங்குகிறதா, அல்லது விழித்திருந்தும் திரை மட்டும் இருண்டிருக்கிறதா என்பதைப் பிரித்தறிய வேண்டும். எல்.சி.டி. திரைகளில் படத்தை உருவாக்கும் படலம் வேறு, அதற்குப் பின்னாலிருந்து வெளிச்சம் கொடுக்கும் விளக்குகள் வேறு. விளக்குகள் மட்டும் பழுதடைந்தால் படம் அங்கேயே இருக்கும், கண்ணுக்குத்தான் தெரியாது. இருட்டறையில் ரோச் வெளிச்சத்தைத் திரைமீது சாய்வாகப் பாய்ச்சினால் அந்தப் படம் ஆவி போல மங்கலாகத் தெரியும். (ஓலெட் திரைகளில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதால் இந்தச் சோதனை அங்கே பயன்படாது.) நாங்கள் பாய்ச்சிப் பார்த்தோம், படமுமில்லை, ஓசையுமில்லை, பின்புறத்தில் வெதுவெதுப்பும் இல்லை.

பிறகு பொத்தானைப் பதினைந்து விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். செயலி உறைந்துபோன நிலையில், கருவி தான் இயங்கிக்கொண்டிருப்பதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். சிறு அழுத்தங்களைக் கவனிக்க வேண்டிய மென்பொருளே உறைந்துவிட்டதால், எத்தனை முறை தட்டினாலும் கேட்க ஆளில்லை. நீண்ட அழுத்தத்தைக் கவனிப்பதோ மின்வலுச் சிப்புக்குள் இருக்கும் ஒரு தனி நேரங்கணிப்பி. குறித்த விநாடிகள் கடந்ததும் அது செயலியின் சம்மதத்தைக் கேளாமலே மின்வழிகள் அனைத்தையும் துண்டித்துவிடும். நின்டென்டோ சுவிச் என்ற கேம் கருவியில் இதற்கு ஏறத்தாழ பன்னிரண்டு விநாடிகள் போதும். எங்களுக்கு இதிலும் பலன் கிட்டவில்லை.

இனிச் சார்ஜரும் வயரும். 'ரைப் சி' துளையுள்ள சார்ஜர், வயரைச் செருகிய கணத்திலேயே மின்னைக் கொடுத்துவிடாது. எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் அளவுள்ள தடையி ஒன்று இருப்பதை உணர்ந்த பிறகே 5 வோல்ற்றைத் திறக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் கருவியும் சார்ஜரும் தங்களுக்குள் பேசி உடன்பட வேண்டும். உதாரணமாக, 2017 இல் வந்த நின்டென்டோ சுவிச்சின் சார்ஜர் 15 வோல்ற்றில் 2.6 அம்பியரும் 5 வோல்ற்றில் 1.5 அம்பியரும் கொடுக்கக்கூடியது. துளைக்குள் இருக்கும் நுண்ணிய ஊசிகளுள் அந்தப் பேச்சுக்குரிய ஒன்றில் பஞ்சோ பச்சைக் களிம்போ படிந்திருந்தால், வயர் இறுகச் செருகியிருந்தும் கருவிக்கு எதுவும் கிடைக்காது. நடைபாதையில் வாங்கிய மெல்லிய வயர்களும் இதேபோல் ஏமாற்றும். செப்பு மெலிந்த வயரின் போய்வரும் தடை 0.3 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 2 அம்பியர் ஓடும்போது வழியிலேயே 0.6 வோல்ற்று தொலைந்து, கருவியின் வாசலுக்கு 4.4 வோல்ற்றே வந்து சேரும். மின்வலுச் சிப் அதைப் போதாதென்று ஒதுக்கக்கூடும். ஆகவே நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்த வேறொரு சார்ஜரையும் வேறொரு வயரையும் சேர்த்தே மாற்றிப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் சந்தேகம் மிஞ்சும்.

இதுவரை சொன்னவை வாசற்படிகள். ஏழு மாதம் அலுமாரியில் கிடந்த கருவியில் முதலில் ஐயப்பட வேண்டியது பற்றரியையே.

இலித்தியம் அயன் கலம் நிறைந்திருக்கும்போது 4.2 வோல்ற்றையும் வெறுமையை நெருங்கும்போது 3 வோல்ற்று அளவையும் காட்டும். அணைத்து வைத்த கருவிகூட முழுதாக உறங்குவதில்லை. நேரம் காட்டும் கடிகாரமும், பொத்தானின் வேண்டுகோளுக்குக் காத்திருக்கும் சிப்பும் சிறிது சிறிதாக மின்னை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 4000 மில்லியம்பியர் மணிப் பற்றரியில் பத்து வீதம், அதாவது 400 மில்லியம்பியர் மணி, மிஞ்சியிருக்கும் நிலையில் அலுமாரிக்குள் போகிறதென்று கொள்வோம். உறிஞ்சல் ஒரு மில்லியம்பியரே ஆனாலும் 400 மணித்தியாலங்களில், பதினேழு நாட்களுக்குள், அது தீர்ந்துவிடும். அதன் பிறகும் கலத்தின் மின்னழுத்தம் இறங்கிக்கொண்டே போனால், 2.5 வோல்ற்றை அண்டியதும் பற்றரியோடு ஒட்டியிருக்கும் காவற்சுற்று கதவை மூடிவிடும். இவ்வேளையில் மல்ரிமீற்றரை முனைகளில் வைத்தால் சுழியத்தைக் காட்டும். உள்ளே கலம் உயிரோடிருந்தும் வெளியே பிணம் போலத் தெரிவது இதனால்தான். அந்தக் கதவு நம்மைத் துன்புறுத்துவதற்காகப் போடப்பட்டதல்ல. மிகவும் கீழே இறங்கிவிட்ட கலத்தில் எதிர்மின்வாயைத் தாங்கும் செப்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் மின்னேற்றும்போது அந்தச் செப்பு வேண்டாத இடங்களில் உலோகமாகப் படிந்து, கலத்துக்குள்ளேயே குறுக்கிணைப்பை உண்டாக்கலாம். அதனால் ஏற்படும் வெப்பம் தீயில் முடியக்கூடும்.

இந்த இடத்தில் என் தலைமுறையினருக்கு ஒரு பழைய பழக்கத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. 1990 இற்குப் பிந்திய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பற்றரி வரவிடப்படவில்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். தீர்ந்துபோன ரோச் பற்றரிகளை முற்றத்து வெயிலில் காயவைத்து, இன்னும் ஒரு செய்தியறிக்கைக்குரிய உயிரைப் பிழிந்தெடுத்தோம். அதில் விஞ்ஞானம் இருந்தது: நாக–காபன் கலத்தில் தாக்கத்தின் விளைபொருட்கள் மின்வாயைச் சூழ்ந்து தடையாக நிற்கும், ஓய்வும் வெதுவெதுப்பும் கிடைத்தால் அவை பரவி விலகி, அழுத்தம் சற்றே மீளும். இலித்தியம் அயன் கலத்துக்கு இந்த வைத்தியம் நஞ்சு. வெப்பம் அதன் மின்பகுபொருளைச் சிதைத்து வாயுவை உண்டாக்கும். கேம் கருவி வேலை செய்யவில்லையென்று யன்னலோர வெயிலில் வைத்த ஓர் அப்பாவை நான் அறிவேன். எங்கள் காலத்து ஆள்தான், குறை சொல்ல மனம் வரவில்லை.

பற்றரியிலிருந்து வரும் வயர்களில் சிவப்பும் கறுப்பும் போக மூன்றாவதாக ஒரு மெல்லிய வயர் இருப்பது பலருக்குப் புதினமாக இருக்கும். அதன் முனையில் வெப்பத்துக்கேற்பத் தடை மாறும் ஒரு சிறு பாகம் இருக்கிறது. கலத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 45 பாகைக்கு மேல் போனால் சிப் மின்னேற்றத்தை நிறுத்திவிடும். சித்திரை வெயிலில் நிறுத்திய வாகனத்துக்குள் கிடந்த கருவி அந்த அளவை எளிதில் தாண்டும். நிழலில் அரை மணித்தியாலம் ஆறவிட்டால் தானாகவே ஏற்கத் தொடங்கும்.

ஈரம் பட்ட கருவியின் கதை வேறு. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக் கல். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது எதுவோ அதுவே கிணற்றுத் தண்ணீர் சிந்திய மின்சுற்றுப் பலகையிலும் படியும். கரையோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்துகொள்ளும். ஈரம், உப்பு, மின்னழுத்தம் மூன்றும் கூடிய இடத்தில் நேர்முனையின் உலோகம் கரைந்து எதிர்முனையில் படிந்து, அங்கிருந்து நேர்முனையை நோக்கி நூல் போல வளர்ந்து, இரு பாதைகளை இணைத்துவிடும். எனவே நனைந்த கருவியை "ஒருக்கா ஓன் பண்ணிப் பாப்பம்" என்று அழுத்துவதுதான் பெருங்கேடு. அரிசிப் பானைக்குள் புதைப்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. தண்ணீர் காய்ந்தாலும் உப்பு அங்கேயே இருக்கும், அரிசித் தூள்தான் துளைக்குள் மிச்சமாகப் போகும்.

நகரில் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள திருத்தகங்களில் இவற்றைக் கையாளும் இளைஞர்கள் இருக்கிறார்கள். கீழே விழுந்த கருவியொன்றில் மின்னைச் சிறிது தேக்கிவைக்கும் கடுகளவு பாகமான கொள்ளளவி வெடித்துக் குறுக்கிணைப்பாகியிருந்ததை ஒருவர் கண்டுபிடித்த விதத்தை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். பலகைமேல் ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பூசி, மிகக் குறைந்த அழுத்தத்தில் மின்னைச் செலுத்தினார். பலகை முழுவதும் ஈரமாக மினுங்கிக்கொண்டிருக்க, ஒரேயொரு புள்ளியில் மட்டும் ஈரம் சட்டென்று காய்ந்து வட்டமாகத் தெரிந்தது. சூடேறிய பாகம் அதுவே. இது வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செய்யும் வேலையல்ல.

எங்கள் கருவிக்கு அது தேவைப்படவில்லை. சார்ஜருக்கும் வயருக்கும் இடையே பொருத்தும் சிறு மீற்றர் ஒன்று என்னிடம் இருக்கிறது. வோல்ற்றையும் அம்பியரையும் காட்டும். செருகியதும் 5.08 வோல்ற்று, 0.09 அம்பியர் என்று வந்தது. சுழியம் வந்திருந்தால் பாதை எங்கோ அறுந்திருக்கிறது என்று நினைத்திருப்பேன். இந்த 0.09 வேறு செய்தி. தாழ்ந்துபோன கலத்துக்குச் சிப் முழு மின்னோட்டத்தைக் கொடுப்பதில்லை. பல நாள் பட்டினி கிடந்தவருக்கு முதலில் கஞ்சித் தெளிவைக் கொடுப்பது போல, 3 வோல்ற்றை எட்டும்வரை வழக்கத்தில் பத்தில் ஒரு பங்கு அளவே கொடுத்துப் பார்க்கும். அந்த நேரமெல்லாம் திரைக்கு எதுவும் மிஞ்சாது. மருமகன் என்னிடம் வருமுன் செய்த பிழை இங்கேதான்: ஐந்து நிமிடத்துக்கொருமுறை வயரைப் பிடுங்கிப் பொத்தானை அழுத்தி, சேர்ந்த சிறிதையும் செலவழித்திருக்கிறான்.

தொடாமல் இருக்கச் சொல்லி, இருவரும் அருகிலேயே தேநீரோடு அமர்ந்துகொண்டோம். இடையிடையே பின்மூடியில் கைவைத்துச் சூட்டை மட்டும் பார்த்தேன். நாற்பத்தொரு நிமிடங்கள் 0.09 அசையவில்லை. நாற்பத்திரண்டாவது நிமிடம் எண் 0.4 ஆகி, கண் இமைப்பதற்குள் 1.36 இல் போய் நின்றது. சற்று நேரத்தில் திரையின் நடுவே பற்றரிப் படம் ஒன்று சிவப்பாகத் தோன்றியது. அவன் துள்ளி எழுந்து பொத்தானை அழுத்தினான். கருவி எழும்பி, முதல் வேலையாகத் திகதியையும் நேரத்தையும் கேட்டது. ஏழு மாதமாக அலுமாரிக்குள் பற்றரியைச் சொட்டுச் சொட்டாகக் குடித்த கடிகாரம், கடைசிச் சொட்டு தீர்ந்த அன்று தானும் நின்றுபோயிருந்தது.