றப்பர் மடிப்புக்குள் ஒரு தோட்டம்

துவாயில் நாற்றம் இருப்பது கொடியில் காயும்போது தெரியாது. மடித்து அலுமாரிக்குள் வைக்கும்போதும் தெரியாது. குளித்துவிட்டு வந்து முகத்தைத் துடைத்த மறுகணம்தான், நனைந்த நாய்க்கும் பழைய சாக்குக்கும் நடுவில் ஏதோ ஒன்று மூக்கில் ஏறும். வெள்ளவத்தையில் நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் இது மே மாத மழையோடு தொடங்கியது. முதலில் சவர்க்காரத் தூளை மாற்றிப் பார்த்தேன். பிறகு தூளின் அளவைக் கூட்டினேன். அதற்கும் அடங்காதபோது துணி மிருதுவாக்கும் வாசனைத் திரவத்தையும் சேர்த்து ஊற்றினேன். எரிகிற நெருப்பில் ஒவ்வொரு கரண்டியாக நெய் வார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அப்போது தெரியவில்லை.

கடைசியில் ஒருநாள் துணி துவைக்கும் மெஷினின் முன்கதவைத் திறந்து, வாயைச் சுற்றியிருக்கும் சாம்பல் நிற றப்பர் வளையத்தின் மடிப்பை விரலால் இழுத்துப் பார்த்தேன். கீழ்ப்பக்கம் முழுக்கக் கறுப்புப் புள்ளிகள். மடிப்பின் அடியில் ஒரு சிறங்கை அழுக்குத் தண்ணீர், ஒரு பொத்தான், பிள்ளையின் காலுறை ஒன்று. பூஞ்சணம் பிடித்த றப்பரை மாற்றிவிட்டால் சரி என்று நினைத்துத் திருத்துகிற பெடியனைக் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார். "அக்கா, இது வாசல் மட்டும்தான். ஆள் உள்ளுக்க இருக்கிறார்." வேறொரு வீட்டில் கழற்றிய மெஷினின் படத்தைக் கைபேசியில் காட்டினார். ட்ரம்மின் முதுகில் மூன்று கால் உள்ள அலுமினியத் தாங்கி. அதன் மேல் விரற்கடை தடிப்புக்குப் பழுப்பு நிறக் களி. அடுப்பில் கிண்டுகிற களியல்ல, வடிகானில் படிகிற களி.

விஷயம் இதுதான்: முன்கதவு மெஷினுக்குள் ட்ரம் ஒன்றல்ல, இரண்டு. நாம் துணி போடுவது ஓட்டைகள் உள்ள எவர்சில்வர் ட்ரம்மில். அதைச் சுற்றி, தண்ணீரைத் தாங்குகிற பிளாஸ்டிக் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள இடைவெளிக்குள் மெஷினைக் கழற்றினாலன்றிக் கை போகாது. மேலிருந்து துணி போடும் மெஷினில் தண்ணீர் துணி மூழ்கும் வரை நிரம்பும். ஒவ்வொரு முறையும் தொட்டியின் சுவரும் சேர்ந்து கழுவப்படும். மூடியும் இறுக்கமாகப் பூட்டிக்கொள்வதில்லை. முன்கதவு மெஷின் தண்ணீர்ச் சிக்கனத்துக்காகப் பிறந்தது. அடியில் கொஞ்சம் தண்ணீர் நின்றால் அதற்குப் போதும், மிச்ச வேலையைச் சுழற்சி பார்த்துக்கொள்ளும். ஆகவே தொட்டியின் மேற்பாதி தெறிக்கிற தண்ணீரை மட்டுமே காண்கிறது. கதவோ பக்கவாட்டில் இருப்பதால் நீர் ஒழுகாதபடி றப்பரால் இறுக அடைக்கவேண்டியிருக்கிறது. நீர் வெளியே போகாத கதவு, காற்று உள்ளே வராத கதவும்தான்.

வெளியில் கொழும்பு. வெப்பநிலை வருடம் முழுவதும் 27, 28 பாகையை ஒட்டியே நிற்கிறது. சாரீரப்பதன் இரவில் 85 சதவீதத்தைத் தாண்டுவது சாதாரணம். கதவை மூடிய மெஷினுக்குள் அது கிட்டத்தட்ட 100. பூஞ்சணம் என்கிற பங்கசு வளர்வதற்கு 80 சதவீதமே தாராளம். வித்திகளை யாரும் கொண்டுவந்து போடத் தேவையில்லை. காற்றிலும் துணியிலும் குழாய்த் தண்ணீரிலும் அவை எப்போதும் இருக்கின்றன. றப்பர் மடிப்பில் ஒன்று ஒட்டினால், நூல் போன்ற இழைகளை விட்டு றப்பரின் நுண்ணிய வெடிப்புகளுக்குள் இறங்கும். கறுப்பு நிறம் மெலனின். நமது தோலுக்கு நிறம் தருகிற அதே வகைப் பொருள் பங்கசுக்கும் கவசமாகிறது. சில இனங்கள் இந்தக் கவசத்தோடு சூட்டையும் சவர்க்காரத்தையும் சமாளித்துவிடும். பாத்திரம் கழுவும் மெஷின்களின் கதவு றப்பரில் பங்கசு இருக்கிறதா என்று பல நாடுகளில் மாதிரி எடுத்து 2011இல் வெளியான ஓர் ஆய்வில், 62 சதவீத மெஷின்களில் இருந்தது. துணி மெஷினைவிடச் சூடான தண்ணீர் ஓடும் இடத்திலேயே நிலைமை அது.

பங்கசு தனியாகக் குடியிருப்பதுமில்லை. பற்றீரியாக்கள் பசை போன்ற சர்க்கரைப் பொருளைச் சுரந்து மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. அந்தப் பசைக்குள் பங்கசும் பற்றீரியாவும் நூலும் தோல் செதிளும் ஒன்றாகப் புதைந்து கிடப்பதற்கு உயிரிப்படலம் என்று பெயர். குளத்துப் படிக்கல்லில் கால் வழுக்குமே, அதுவும் இதே சாதிதான். பசைக்கு வெளியே நிற்கிற கிருமியைக் கொல்வது சுலபம். உள்ளே இருப்பதை மருந்து போய்ச் சேர்வதே கடினம்.

இவ்வளவு பேருக்கும் சாப்பாடு எங்கிருந்து வருகிறது? உடம்பு எண்ணெய், வியர்வை, சோற்றுக்கறை ஆகியவற்றில் கொஞ்சம். பெரும் பங்கு நாமே கரண்டியால் அளந்து போடுவது. முன்கதவு மெஷின் துணியைத் தூக்கித் தொப்பென்று விழ வைத்துத் துவைக்கிறது, ஆற்றங்கரையில் கல்லில் அடிப்பதன் வீட்டுக்குள் வடிவம். நுரை கூடிவிட்டால் துணி மெத்தையில் விழுந்தமாதிரி விழும்; அடி விழாது, அழுக்கும் போகாது. போதாததற்கு நுரை தண்ணீர் மட்டத்துக்கு மேலே ஏறி, அலசும் தண்ணீர் எட்டாத மேற்சுவரிலும் தாங்கியின் கால்களிலும் போய்ப் படிந்து காயும். அடுத்த தடவை அதற்கு மேல் இன்னொரு பூச்சு. அழுக்கு எண்ணெயும் கலந்த அந்தப் பூச்சுதான் களிக்கு அத்திவாரம்.

இங்கே ஊர்க்கதை ஒன்று சொல்லவேண்டும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தின் கிணற்று நீர் வன்னீர். அதில் கரைந்திருக்கும் கல்சியம் சவர்க்காரத்தின் ஒரு பங்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் அம்மா அங்கே இரண்டு கை தூள் போட்டால்தான் நுரை காண்பார். கொழும்புக் குழாயில் வருவது பெரும்பாலும் களனி கங்கைத் தண்ணீர், அம்பத்தலேயில் சுத்திகரித்தது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் வருகிறது. எல்லாம் மழை நிரப்பிய மேற்பரப்பு நீர், மென்னீர். இதில் தூளைப் பிடித்துக்கொள்ளக் கல்சியம் அதிகமில்லை. நாமோ வீடு மாறினோம், கையளவை மாற்றவில்லை. உறையின் பின்புறம் அச்சிட்டிருக்கும் அளவுகூட இங்கே பலசமயம் அதிகம் என்பது என் எண்ணம். நான் இப்போது அதில் பாதிதான் போடுகிறேன். பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டு முன்னையைவிட மோசமாகிவிடவில்லை.

மெஷினில் பழைய தூள் எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. துணியும் போடாமல், தூளும் போடாமல் 60 பாகையில் வெறுமனே ஓடவிடுங்கள். கால் மணி நேரத்தில் கண்ணாடியில் நுரை எழுந்தால், அது நீங்கள் போன மாதங்களில் போட்ட தூள். எங்கள் வீட்டில் பாதிக் கண்ணாடி வரை எழுந்தது.

மிருதுவாக்கும் திரவத்தின் கதை தனி. அது கொழுப்புத் தன்மையான மூலக்கூறுகளைத் துணியில் ஒட்டவைத்துத்தான் மிருதுவாக்குகிறது. தொட்டிச் சுவரிலும் அப்படியே ஒட்டும். தூள் போடும் இழுப்பறையில் அந்தத் திரவத்துக்கான அறையைக் கவனித்தீர்களா? மேலே சிறிய மூடியும் அதற்குள் ஒரு குழலும் இருக்கும். தண்ணீர் குறிப்பிட்ட மட்டத்தைத் தாண்டியதும் குழல் வழியே தானாக இழுபட்டுக் கீழே இறங்குகிற வடிகுழாய் உத்தி. காற்று புகுந்தவுடன் இழுவை நின்றுவிடுவதால் அடியில் கொஞ்சம் தண்ணீர் எப்போதும் மிஞ்சும். மெஷினில் முதலில் பூஞ்சணம் பிடிக்கும் இடங்களில் இது ஒன்று. இழுப்பறையை முழுதாகக் கழற்றி, அது இருந்த குகையின் கூரையை விரலால் தடவிப் பாருங்கள். நான் தடவினேன். சாப்பாட்டுக்கு முன் தடவியிருக்கக் கூடாது.

நாற்றத்துக்கு முழுப் பழியையும் பங்கசின் மேல் போடுவது நியாயமில்லை. மழைக்காலத்தில் வீட்டுக்குள் காயப்போட்ட துணியின் அந்தப் புளித்த வாடைக்குக் காரணம் மொரக்செல்லா ஒஸ்லோயென்சிஸ் என்கிற பற்றீரியா என்று 2012இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது வியர்வைக் கொழுப்பைத் தின்று 4-மெதைல்-3-எக்சினோயிக் அமிலத்தை விடுகிறது. மிகச் சிறிய அளவே மூக்குக்குப் போதும். இந்தப் பற்றீரியா துணி காய்ந்தாலும் சாவதில்லை, காத்திருக்கும். துவாய் நனைந்ததும் மறுபடி தொழிலைத் தொடங்கும். காய்ந்தபோது இல்லாத மணம் முகம் துடைக்கும்போது வந்ததன் மர்மம் இதுதான். களி பிடித்த மெஷினில் துவைத்தால், ஒவ்வொரு துவைப்பிலும் அது துணியில் புதிதாக ஏறிக்கொள்ளும்.

சரி, எப்படி விரட்டுவது? வாசலில் தொடங்குங்கள். மடிப்பிலுள்ள குப்பையை எடுத்து, ஈரத்துணியால் வழுக்கலைத் தேய்த்துத் துடையுங்கள். பசையைக் கையால் குலைக்காமல் எந்த மருந்தை ஊற்றினாலும் மேலோடுதான் வெளுக்கும். பிறகு குளோரின் பிளீச் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து, பழைய துணிக் கீலங்களை அதில் நனைத்து மடிப்புக்குள் செருகிவிடுங்கள். அரை மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் றப்பர் கெட்டுப்போகும். கையுறை போடுங்கள், யன்னலைத் திறந்துவையுங்கள். எடுத்த பிறகு நல்ல தண்ணீரால் துடையுங்கள். அதற்குப் பின்னும் மங்கலான புள்ளிகள் மிஞ்சினால் கவலைப்படாதீர்கள். றப்பருக்குள் இறங்கிய நிறம் அது, பெரும்பாலும் உயிரில்லை.

அடுத்தது கீழே மூலையிலுள்ள சிறு கதவு. அதற்குள் நீரிறைக்கும் பம்பியின் வடிகட்டி இருக்கிறது. தட்டையான தட்டொன்றை வைத்துவிட்டு மெதுவாகத் திருகுங்கள், தண்ணீர் வரும். எங்களுக்கு இரண்டு ரூபாய்க் குற்றிகள் நான்கும், பெயர் சொல்லமுடியாத ஒரு கட்டியும் வந்தன.

உள்ளேயிருக்கும் ஆளுக்குச் சூடுதான் மருந்து. ட்ரம்முக்குள் ஒட்சிசன் பிளீச் என்று விற்கிற சோடியம் பேர்காபனேற்றுத் தூள் 100 கிராம் அளவில் போட்டு, வெறும் மெஷினை 90 பாகையில் ஓடவிடுங்கள். உங்கள் மெஷினில் 60 தான் உச்சம் என்றால் 60. நீரில் அது ஐதரசன் பேரொட்சைட்டாகப் பிரிகிறது. சூடு ஏற ஏற வேகமெடுத்து, பசையை ஒட்சியேற்றிக் குலைக்கிறது. தண்ணீரில் கறுப்புச் சவ்வுகள் மிதந்து வந்தால் பயப்படவேண்டாம், நடக்கவேண்டியது நடக்கிறது. வருடக்கணக்கில் தேங்கியது ஒரே ஓட்டத்தில் போகாது. எங்களுக்கு மூன்று தேவைப்பட்டது. இந்த வேலைக்குக் குளோரின் பிளீச்சை அடிக்கடி ஊற்றுவது நல்லதல்ல, அலுமினியத் தாங்கியை அரிக்கும். தாங்கி முறிந்த மெஷினைத் திருத்துவதைவிடப் புதிது வாங்குவது மலிவு என்று அந்தப் பெடியனே சொன்னார்.

கரண்ட் பில்லுக்குப் பயந்துதான் பலர் எப்போதும் குளிர் தண்ணீரிலேயே துவைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 15 லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து 60க்கு ஏற்ற அரை அலகுக்குச் சற்று மேல் மின்சாரம் போதும். 90க்கு ஏற்ற ஒரு அலகும் கொஞ்சமும். தினமும் செய்தால் செலவுதான். துவாயையும் படுக்கை விரிப்பையும் கிழமைக்கு ஒருமுறை 60இல் போட்டால், மெஷினும் அதோடு சேர்ந்து குளித்துவிடும்.

வினாகிரி, தேசிக்காய், அப்பச்சோடா என்று எல்லோரிடமும் ஒரு கைவைத்தியம் இருக்கிறது. வினாகிரியையும் அப்பச்சோடாவையும் சேர்த்து ஊற்றினால் அழகாக நுரைக்கும். நுரைப்பது காபனீரொட்சைட்டு, மிஞ்சுவது ஒரு சாதுவான உப்புத் தண்ணீர். இரண்டும் ஒன்றையொன்று தீர்த்துக்கட்டிவிட்டன, பூஞ்சணம் வேடிக்கை பார்த்தது. அதுவாவது ஆபத்தில்லாத வீண் வேலை. பிளீச் ஊற்றிய இடத்தில் வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ பட்டால் கிளம்புவது குளோரின் வாயு. 1915இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் படைவீரர்கள் மேல் திறந்துவிட்ட அதே வாயு. காற்றோட்டமில்லாத தொடர்மாடிக் குளியலறைக்குக் கொஞ்சமே போதும். கழிவறை கழுவும் அமிலத்துக்கும் இதே எச்சரிக்கை. ஒருநாள் ஒன்று, நன்றாக அலசிய பிறகு இன்னொருநாள் மற்றது.

இதற்குப் பிறகு செய்யவேண்டியதில் பெரும்பகுதி சும்மா இருப்பது. துவைத்து முடிந்ததும் துணியை உடனே எடுத்துவிட்டு, மடிப்பை ஒரு துடை துடைத்து, கதவையும் இழுப்பறையையும் திறந்தபடி விட்டுவிடுங்கள். கொழும்புக் காற்று ஈரமானதுதான், ஆனாலும் மூடிய மெஷினுக்குள் இருப்பதைவிடக் காய்ந்தது. மின்விசிறி எட்டுகிற இடமென்றால் இன்னும் நல்லது. தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் மட்டும் கதவை விரலளவு திறந்து, முழுதாகத் திறக்காதபடி ஒரு நாடாவால் கட்டிவையுங்கள். எங்கள் வீட்டில் பிள்ளை வளர்ந்துவிட்டான். ஆனால் மூன்றாம் மாடி அன்ரியின் பூனை பல்கனி வழியாக வருகிறது. நாற்றம் போனதிலிருந்து ட்ரம்முக்குள் சுருண்டு படுப்பது அதற்குப் பழக்கமாகிவிட்டது. இப்போது தூளை அளப்பதற்கு முதல் உள்ளே கைவிட்டுப் பார்க்கிறேன்.